மண்ணுக்கு ஒதுக்கிய நாட்கள்

நெல்லுக்குத் தழை வேண்டும் என்பதைச் சேந்தமங்கலம் வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து காரவள்ளி வரைக்கும் கொல்லிமலை அடிவாரத்தில் நஞ்சை வைத்திருப்பவர்கள் எல்லோரும் தழை மிதித்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண்ணுக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வைகாசியில் இந்தப் பக்கம் நடந்து பார்த்தால் பசுந்தாள் விதைத்த வயல் அரிதாகவே கண்ணில் படும்.

மருமகளாக இந்த ஊருக்கு வந்து, சில வருடங்களில் நெல் வயல் முழுவதும் என் பொறுப்புக்கு வந்த பிறகு, இதற்குக் காரணம் என்ன என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். விதை, உரம், ஆள், டிராக்டர் எல்லாம் காசுக்குக் கிடைக்கும். நாள் கிடைக்காது. பசுந்தாள் உரம் நாட்களால் செய்கிற உரம். விதைக்கிற நாள், மடக்குகிற நாள், மடக்கிய பின் காத்திருக்கிற நாள் என்று மூன்றையும் சரியாகப் பிடித்தவருக்கு அது பலன் தரும். இந்தத் தொழிலில் நான் கற்றது பெரும்பாலும் இந்த நாள் கணக்கைத்தான்.

என் மாமனார் காலத்தில் அந்த நாட்களை மலை கொடுத்தது. நடவுக்கு முன்னால் அடிவாரத்துச் சரிவுகளிலிருந்தும் ஓடைக்கரைகளிலிருந்தும் புங்கன், வேம்பு, ஆவாரை, நொச்சி, எருக்கு, வாதநாராயணன் என்று தழைகளைக் கட்டுக்கட்டாக வெட்டி மாட்டு வண்டியில் கொண்டுவருவார்களாம். தொளியில் பரப்பி, பெண்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து அமுக்குவார்கள். வயலில் ஒரு பயிர் நிற்கும்போதே அடுத்த பயிருக்கான உரம் வேறொரு இடத்தில் மரமாக வளர்ந்துகொண்டிருந்தது. அதனால் உரத்துக்கென்று வயலைச் சும்மா விட வேண்டியிருக்கவில்லை. 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டத்துக்குப் பிறகு காப்புக்காட்டில் தழை வெட்டுவது கட்டுப்பாட்டுக்குள் வந்தது. புறம்போக்கு மரங்களும் பின்னால் குறைந்தன. வண்டி மாடுகள் போயின. அந்த இடத்தில் யூரியா மூட்டை வந்து உட்கார்ந்தது. யூரியாவை மக்கள் விரும்பியதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. காலையில் வாங்கி மாலையில் வீசிவிடலாம். வயலிடம் ஒரு நாள்கூடக் கடன் கேட்காது.

மலைத்தழை இல்லாத இன்றைய நிலையில் வயலே தன் தழையை வளர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த ஒன்றரை மாதம் சம்பாவுக்கு முன்னால் இருக்கிறது. சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ நல்ல கோடை மழை ஒன்று விழும். அந்த ஈரத்தில் ஒரு உழவு ஓட்டி விதைத்துவிடுவேன். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வண்டி வண்டியாகச் சனம் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது, கீழே எங்கள் வயலில் மடக்கு உழவு முடிந்திருக்க வேண்டும். ஆவணியில் நடவு. கோடை மழை தள்ளிப்போனால் கிணற்றுத் தண்ணீரில் விதைத்து முளைக்க வைப்பேன். அதுவும் முடியாத வருடத்தில் குறைந்த நாளில் வளரும் பயிருக்கு மாறிக்கொள்வேன். எந்த விதை என்பதை எனக்கு இருக்கிற நாளும் தண்ணீரும்தான் தீர்மானிக்கின்றன.

தக்கைப்பூண்டு தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், களர் நிலத்திலும் வரும். ஏக்கருக்கு 20 கிலோ விதை. நெருக்கமாக விதைத்தால்தான் தண்டு மெலிந்து, கிளை விடாமல், இளசாக மேலே போகும். விதையை மிச்சம் பிடித்து இடைவெளி விட்டு விதைத்தால் ஒவ்வொரு செடியும் குச்சியாகத் தடித்துவிடும். மேட்டு வயலுக்குச் சணப்பு. முதல் வாரங்களில் தக்கைப்பூண்டைவிட வேகமாக எழும்பும், களையை அமுக்கிவிடும், பாதியை மாட்டுக்கும் அறுத்துப் போடலாம். தண்ணீர் நின்றால் மட்டும் தாங்காது. நார்ப்பயிர் என்பதால் நாள் கடந்தால் தண்டு கயிறாகி உழவில் அறுபடாது.

கொழிஞ்சி வேறு ரகம். மெதுவாக வளரும், தழையும் குறைவு. ஆனால் வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால், கதிர் நிற்கும்போதே ஈரத்தில் விதையைத் தூவிவிட்டால் கோடை முழுவதும் மிச்ச ஈரத்திலேயே உயிர் பிடித்து நிற்கும். அதன் விதைத்தோல் மெழுகு பூசியதுபோலக் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, 55 டிகிரி சூட்டு வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்தோதான் விதைக்க வேண்டும். அந்தக் கடினத்தால் ஒரு நன்மையும் உண்டு: ஒருமுறை விதை கொட்டிய வயலில் அது வருடாவருடம் தானாகவே முளைத்து வரும். தண்ணீர் இல்லாதவருக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை.

மணிலா அகத்தியையும் ஒரு வயலில் வளர்த்தேன். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து உலகத்துக்கு அறிமுகமான செடி. வேரில் மட்டுமல்லாமல் தண்டு நெடுகிலும் முடிச்சு வைக்கும். ஆகையால் வயலில் தண்ணீர் நின்று வேர் மூச்சடைக்கும் காலத்திலும் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தண்டு பிடித்துக்கொண்டே இருக்கும். பகல் குறுகிய பருவத்தில் விதைத்தால் உயரம் எடுப்பதற்குள் பூத்துவிடும். பகல் நீண்ட வைகாசி, ஆனிதான் அதற்கு ஏற்றது. விதையை அமிலத்தில் நேர்த்தி செய்தால்தான் ஒழுங்காக முளைக்கிறது என்பதால், வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய வேலைகளுக்கே நான் திரும்பிவிட்டேன். இன்று என் வயலில் பள்ளத்தில் தக்கைப்பூண்டு, மேட்டில் சணப்பு, தண்ணீர் எட்டாத கடைசி வயலில் கொழிஞ்சி.

விதைத்துவிட்டால் பயிர் தானாக வரும் என்று விட்டுவிடக் கூடாது. உரத்துக்கு எதற்கு உரம் என்று கேட்பவர்கள் பலர். பயறுவகைச் செடி காற்றிலிருந்து தழைச்சத்து எடுப்பது வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா மூலம் என்று 1886இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ரீகல் எடுத்துச் சொன்னார். அந்த முடிச்சு நன்றாக வேலை செய்ய மணிச்சத்து வேண்டும். நெல்லுக்கு அடியுரமாகப் போடவிருக்கும் சூப்பர் பாஸ்பேட்டைப் பசுந்தாள் பயிருக்கே போட்டுவிடலாம். செடி அதை எடுத்து வளர்ந்து, மடக்கிய பிறகு நெல்லுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். நாமக்கல் மாவட்டத்தில் எங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கோழிப் பண்ணைகள் சூழ்ந்த ஊர் என்பதால் கோழி எரு எளிதாகக் கிடைக்கும். அதில் மணிச்சத்து நிறைய. நன்றாக மக்கவைத்த கோழி எருவை நான் நெல்லுக்குப் போடுவதைவிடத் தக்கைப்பூண்டுக்குப் போடுவதையே விரும்புகிறேன். புதுசாகப் பசுந்தாள் விதைக்கும் வயலுக்கு ரைசோபியம் என்ற அந்த முடிச்சுப் பாக்டீரியாப் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதைப்பேன்.

நாலாவது வாரத்தில் ஒரு செடியை மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துபோகும். முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நம் இரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கும் பொருளின் இனத்தைச் சேர்ந்த ஒன்று அதற்குள்ளும் இருக்கிறது. அது இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் ஆரம்பிக்கவில்லை, பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் முடித்துவிட்டது. முடிச்சு வேலை செய்யாத செடி மண்ணிலிருந்த சத்தை எடுத்து மண்ணுக்கே திருப்பித் தருகிறது. புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

அடுத்தது மடக்கும் நாள். இந்தத் தொழிலின் முழுத் திறமையும் இங்கேதான் இருக்கிறது. பூவெடுக்கும் தறுவாயில், பொதுவாக 45 முதல் 50 நாளுக்குள் மடக்க வேண்டும் என்று எல்லாக் கையேடும் சொல்லும். மழையும் வெயிலும் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் நாட்காட்டியோடு செடியையும் பார்க்க வேண்டும். நான் தண்டை ஒடித்துப் பார்ப்பேன். அடித்தண்டுகூட இளங்கீரைத் தண்டைப் போலப் பட்டென்று ஒடிந்தால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். அடியில் வளைந்து நார் இழுத்தால் அன்றைக்கே டிராக்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இளந்தண்டில் தழைச்சத்துக்கு ஏற்ற அளவில்தான் கரிமம் இருக்கும். ஒரு பங்கு தழைச்சத்துக்குப் பதினைந்து இருபது பங்கு கரிமம் என்றால் மண்ணின் நுண்ணுயிர்கள் அதைச் சீக்கிரம் சிதைத்து, மிஞ்சிய தழைச்சத்தை நெல்லுக்கு விட்டுவிடும். தண்டு முற்றி மரமாகும்போது கரிமம் முப்பது பங்கையும் தாண்டும். அப்போது நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாமல் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். வயலில் மலைபோலத் தழை போட்டும் நட்ட நாற்று வெளுத்து நிற்பது இதனால்தான். இன்னும் பத்து நாள் விட்டால் தழை கூடுமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்தப் பத்து நாளில் கூடுவது பெரும்பாலும் குச்சிதான்.

எவ்வளவு தழை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. நடுத்தரமாக வளர்ந்த இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி, அதிலுள்ள செடியை அறுத்து எடை போடுங்கள். ஒரு கிலோ இருந்தால் ஏக்கருக்கு 4 டன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்குப் பரிந்துரைப்பது எக்டேருக்கு 6.25 டன், அதாவது ஏக்கருக்கு 2.5 டன். நன்றாக வந்த தக்கைப்பூண்டு இதைத் தாராளமாகத் தாண்டும். பச்சையாக நிற்கும் தக்கைப்பூண்டில் நூற்றுக்கு அரைப் பங்குக்குக் குறையாமல் தழைச்சத்து உண்டு. அப்படியானால் 4 டன்னில் 20 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். எல்லாமே முதல் பயிருக்குக் கிடைத்துவிடாது, ஒரு பகுதி மண்ணிலேயே தங்கும். யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்பதை இந்தக் கணக்கு வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

மடக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. மாட்டு ஏர் காலத்தில் முதலில் பரம்பை ஓட்டிச் செடிகளை ஒரே திசையில் சாய்த்துப் படுக்க வைத்து, அதே திசையில் உழுவார்கள். எதிர்த் திசையில் போனால் தண்டு கொழுவில் சுற்றிக்கொள்ளும். இன்று கேஜ் வீல் போட்ட டிராக்டர் நிற்கும் செடியையே சேற்றில் அமுக்கிவிடுகிறது. ஆனாலும் வயலில் தண்ணீரை முதல் நாளே கட்டி, அடிமண் ஊறிய பிறகு இறக்கினால்தான் தண்டு முழுவதும் மண்ணுக்குள் போகும். மேலே மிதக்கும் தழையின் சத்து காற்றோடு போகிறது.

மடக்கிய பிறகு வயல் காயக் கூடாது. தழை அழுகும்போது வெளிவரும் சத்து அம்மோனிய வடிவில் சேற்றில் தங்கி நிற்கும். நடுவில் வயலைக் காயவிட்டால் அது நைட்ரேட்டாக மாறும்; மறுபடி தண்ணீர் கட்டும்போது வாயுவாகிப் பறந்துவிடும். இத்தனை நாள் வளர்த்த உழைப்பு இரண்டு நாள் கவனக்குறைவில் வீணாகும். தண்ணீர் நின்ற வயலில் மூன்றாம் நாளிலிருந்து குமிழி கிளம்பும், வாடையும் வரும். அழுகலின் உச்சத்தில் மண்ணில் அமிலங்களும் கெடுதலான வாயுக்களும் சேரும். அந்த நேரத்தில் நட்டால் நாற்றின் வேர் கருகும். இளந்தக்கைப்பூண்டாக இருந்தால் ஒரு வாரம் போதும். சணப்போ மரத்தழையோ என்றால் இன்னும் சில நாள் கூடுதல். செம்மை நெல் முறையில் 14 நாள் பிஞ்சு நாற்று நடும் வயலுக்கு நான் முழுதாகப் பத்து நாள் விடுவேன். குமிழி அடங்கி, வாடை குறைந்து, சேற்றைக் கையில் எடுத்தால் தண்டு நசுங்கிக் குழைய வேண்டும். அதுதான் நடவுக்குச் சரியான பதம்.

துத்தநாகத்தையும் கவனிக்க வேண்டும். எங்கள் மாவட்டத்துச் சுண்ணாம்புச் செம்மண்ணில் அந்தச் சத்துக் குறை வருவதுண்டு. வழக்கமாக எக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட் சொல்வார்கள்; பசுந்தாள் மடக்கிய வயலுக்கு 12.5 கிலோ போதும் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. அதற்குப் பிறகு யூரியா. பழக்க தோஷத்தில் நாள் பார்த்து யூரியா வீசுவதை இலை வண்ண அட்டை எனக்கு நிறுத்திக் கொடுத்தது. காலையில் நிழலில் நின்று, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் யூரியா. பசுந்தாள் மடக்கிய வயலில் முதல் மேலுரத்துக்குத் தேவையே வராத வருடங்கள் உண்டு. 1986இல் வெளிவந்த வெள்ளைப் பொன்னி இன்றும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அரிசி. தழைச்சத்து அளவு மீறினால் அது சாய்ந்து படுத்துவிடும். பசுந்தாளின் மேல் வழக்கமான யூரியாவையும் போட்டுவிட்டு, சாய்ந்த நெல்லுக்குப் பசுந்தாளைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

ஒரு வருடத்தில் இதன் முழுப் பலனும் தெரியாது. தொடர்ந்து செய்யச் செய்ய என் வயலில் நான் கண்டது மண்ணின் பதம். உழவில் கட்டி பெயர்வது குறைந்தது. கோடையில் வெடிப்பு ஆழமாகப் போவதில்லை. களைக்கொத்து எளிதாக இறங்குகிறது. நெல்லுக்குப் பிறகு உளுந்து போட்டால் முளைப்பு சீராக வருகிறது. இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தண்ணீர் நிற்கும் வயலில் பசுந்தழை அழுகும்போது மீத்தேன் வாயு கூடுதலாக வெளிவருகிறது, அது பூமியைச் சூடாக்கும் வாயு. பயிர் வேர் பிடித்த பிறகு தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டினால் அது குறையும். தண்ணீரும் மிச்சமாகும். பசுந்தாள் போடுபவர்கள் இதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வது நம் கடமை.

இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் பரவவில்லை? என் வயல் வரப்பில் நின்று பக்கத்துக் காட்டு அண்ணன் கேட்டார்: "ஏம்மா, பயிரை வளர்த்து உழவுல மடக்கறதுக்கா இந்தத் தண்ணியைப் பாய்ச்சறே? அந்த நாளுக்கு ஒரு எள்ளோ உளுந்தோ எடுத்துட்டா கைக்குக் காசாச்சே." அவர் கேட்டதில் தவறு இல்லை. குத்தகைக்கு உழுபவருக்கு அடுத்த வருடம் அதே வயல் கையில் இருக்கும் என்ற உறுதி கிடையாது. மண்ணில் போட்டு வைப்பதை வேறொருவர் அறுத்துக்கொண்டு போகலாம். மரவள்ளி வைத்தவருக்கு நிலம் பத்து மாதம் கட்டுப்பட்டுவிடுகிறது. சேகோ ஆலைக்குக் கிழங்கு போன கையோடு அடுத்த பயிர். இவர்களிடம் மண் வளம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நாட்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்ல வேண்டும்.

இது எங்கள் ஊரின் சிக்கல் மட்டும் இல்லை. தென் சீனாவிலும் ஜப்பானிலும் அறுவடை முடிந்த நெல் வயல்களில் குளிர்காலம் முழுவதும் வளர்ந்து வசந்தத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்து நின்ற பயறுவகைச் செடி, இரசாயன உரம் மலிந்ததும் பெருமளவு மறைந்துபோனது. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987இல் நெல் சாகுபடியில் பசுந்தாள் உரம் என்பதற்கென்றே பல நாட்டு விஞ்ஞானிகளைக் கூட்டியது. இதன் பலனில் விஞ்ஞானத்துக்குச் சந்தேகம் இருந்ததில்லை. உழவரின் வருடத்தில் அதற்கு இடம் கண்டுபிடிப்பதுதான் எங்கும் கடினமாக இருந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த இடங்களைச் சொல்கிறேன். தண்ணீர் இல்லாத கோடையில் எப்படியும் நிலம் தரிசாகக் கிடக்கிறது. அந்த நாட்கள் கொழிஞ்சிக்கு. வரப்புக்கு நாள் கணக்கே இல்லை; அதில் கிளிரிசிடியா போத்துகளை ஊன்றிவிட்டால் வருடத்துக்கு இரண்டு முறை தழை வெட்டலாம். மாமனார் காலத்து மலை செய்த வேலையை வரப்பு செய்யும். குத்தகைதாரருக்கு இது கைகொடுக்கும். நரிப்பயறு விதைத்தால் ஒரு வெட்டு மாட்டுத் தீவனம், மிச்சம் வயலுக்கு. ஒன்றரை மாதம் ஒதுக்க முடிந்தவருக்குத் தக்கைப்பூண்டும் சணப்பும். முழு நிலத்திலும் செய்ய முடியாவிட்டால் ஒரு வருடம் ஒரு வயல் என்று முறைவைத்துச் செய்யலாம். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் போன பல தானிய விதைப்பையும், அதாவது தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள், நறுமணப் பயிர் எல்லாம் கலந்து விதைத்து மடக்குவதையும், நிலம் மிகவும் களைத்துப்போன இடத்தில் இந்த முறைவைப்புக்குள் கொண்டுவரலாம்.

விதையையும் நாமே எடுத்துக்கொள்ள முடியும். வயலின் ஒரு ஓரத்தில் தக்கைப்பூண்டை மடக்காமல் வரிசையாக விட்டுவைத்தால் நாலைந்து மாதத்தில் காய் முற்றும். வெடிப்பதற்கு முன் அறுத்து, களத்தில் காயவைத்து அடித்தால் அடுத்த வருடத்து விதை வீட்டில் இருக்கும். 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் விதை மானியத்தில் தரப்பட்டது. நல்ல திட்டம். எந்தத் திட்டமானாலும் விதை கோடை மழைக்கு முன்னால் உழவர் கையில் இருக்க வேண்டும். மழைக்குப் பின் வரும் விதைக்கு வயலில் நாள் இருக்காது.

இந்தச் சித்திரையில் புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். விதை வாங்குவதற்கு முன்னால் சம்பா நடவு நாளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அழுகலுக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் கழியுங்கள். மடக்கும் நாள் கிடைக்கும். அதிலிருந்து 45 நாள் கழியுங்கள். விதைக்கும் நாள் கிடைக்கும். அந்த நாளில் தண்ணீருக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு வயலில் விதையுங்கள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு வயலை வழக்கம்போல விட்டு, இரண்டிலும் அறுவடை நெல்லைத் தனித்தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள். மூன்று வருடம் அந்த நோட்டை வைத்திருந்தால், யார் சொல்வதையும் நம்ப வேண்டிய தேவை இருக்காது.